நூறு நாள் உழைப்பு, ஒரு செங்கல்

2015ஆம் ஆண்டு ஜூலை மாதம், பெய்ஜிங் தெருக்களில் ஒருவர் வாக்குவம் கிளீனரை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். உலகப் பத்திரிகைகள் ‘நட் பிரதர்’ என்று குறிப்பிடும் சீனக் கலைஞர் அவர். அவரிடம் இருந்தது தொழிற்கூடங்களில் பயன்படும் 1,000 வாட் இயந்திரம். அதன் குழாய் முனையை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து, நாளுக்கு நான்கு மணி நேரம் நகரத்தின் காற்றை உறிஞ்சினார். இப்படி 100 நாள். நவம்பர் கடைசியில், இயந்திரத்துக்குள் சேர்ந்திருந்த தூசைக் களிமண்ணோடு கலந்து, சூளையில் வைத்து, ஒரு செங்கல்லாகச் சுட்டெடுத்தார்.

படைப்பு இவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் யாருக்கும் சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் ஒவ்வொரு விவரத்தையும் தனியாக எடுத்துப் பார்க்கும்போதுதான் அதன் செறிவு தெரிகிறது. இயந்திரம், அதைப் பிடித்த கோணம், வேலை நேரம், கலந்த மண், சுட்ட ஊர், அந்தக் கல் போய்ச் சேர வேண்டிய இடம் என்று எல்லாமே ஒரே கேள்வியை வெவ்வேறு பக்கத்திலிருந்து கேட்கின்றன: கெட்டுப்போன காற்றைக் கருவி வைத்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று நாம் உண்மையிலேயே நம்புகிறோமா?

அந்த நம்பிக்கை பெய்ஜிங்கில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. 2013 ஜனவரி 12ஆம் தேதி, அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தின் கருவி காற்று மாசுக் குறியீட்டை 755 என்று காட்டியது. 500 வரை மட்டுமே வகுக்கப்பட்ட குறியீடு அது. அதற்குப் பிறகு காற்று சுத்திகரிப்பானும் முகக்கவசமும் அன்றாடப் பொருள்களாகிவிட்டன. வசதியுள்ள சர்வதேசப் பள்ளி ஒன்று விளையாட்டுத் திடல்களின் மேல் பெரிய கூடாரத்தை எழுப்பி, அதற்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தியது. பணம் இருந்தால் நல்ல காற்றை வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்ட ஒரு நகரத்தில்தான் நட் பிரதர் தன் இயந்திரத்தோடு தெருவில் இறங்கினார்.

முதலில் அந்தக் கோணத்தைப் பார்க்க வேண்டும். வாக்குவம் கிளீனர் கட்டடத்துக்குள் புழங்கும் சாதனம். நான்கு சுவரும் ஒரு தரையும் இருந்தால்தான் அதற்கு வேலை. படிந்துவிட்ட தூசை, எல்லை உள்ள ஓர் இடத்திலிருந்து அகற்றவே அதைச் செய்திருக்கிறார்கள். அறையின் கடைசி மூலையைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று சுவிட்சை அணைத்துவிடலாம். நட் பிரதர் முனையை மேலே திருப்பியதுமே இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துபோகிறது. வானத்துக்கு மூலை கிடையாது. உறிஞ்சிய இடத்தை மறுநொடியே பக்கத்துக் காற்று வந்து நிரப்பிவிடும். தியானன்மென் சதுக்கத்தில் அவர் இயந்திரத்தோடு நிற்கும் படங்கள் அப்போது உலகம் முழுக்கப் பரவின. அத்தனை அகன்ற வெளி, அதன் மேல் அத்தனை பெரிய வானம், கையில் குழாயோடு ஒரே ஒரு ஆள். பிரச்சினையின் அளவும் கருவியின் அளவும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. விளக்கப் பலகை எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்தது உழைப்பு. இதே எண்ணம் இன்னொருவருக்குத் தோன்றியிருந்தால், ஒரு நாள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார். நகைச்சுவைக்கு அது போதும். நட் பிரதர் அதோடு நிற்கவில்லை. நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 100 நாளுக்கு 400 மணி நேரம். கோடையில் தொடங்கி, இலையுதிர் காலத்தைக் கடந்து, குளிர் வந்து நகரத்தின் கணப்புகள் எரியத் தொடங்கும் பருவம் வரை அந்த வேலை நீண்டது. கூலிக்கு வேலை பார்ப்பவர் எப்படித் தன் நேரத்தைக் கணக்காகக் கொடுப்பாரோ அப்படிக் கொடுத்திருக்கிறார். இந்த 400 மணி நேரம்தான் கேலியைச் சோதனையாக மாற்றுகிறது. ‘இயந்திரம் காற்றைச் சுத்தம் செய்யும்’ என்ற வாதத்தை அவர் மறுக்கவில்லை. அதை அப்படியே ஏற்று, நேர்மையாக, எந்தக் குறுக்குவழியும் இல்லாமல் செய்து பார்த்தார். நம் அணி இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று ஒன்று உண்டு. புகழ்வது போலப் பழிப்பது. புலவர் அதைச் சொல்லால் செய்வார். இவர் ஒரு சொல்லும் பேசாமல், இயந்திரத்துக்கு முழு மரியாதை கொடுத்து, அதை உழைக்கவிட்டே செய்துவிட்டார்.

உழைத்ததற்கு என்ன கிடைத்தது? சேர்ந்த தூசு ஏறத்தாழ 100 கிராம் என்று அன்றைய செய்திகள் தெரிவித்தன. ஒரு செங்கல்லின் எடை பொதுவாக இரண்டு, மூன்று கிலோ இருக்கும். அப்படியானால் அந்தக் கல்லிலும் பெரும்பகுதி களிமண்தான்! இந்தப் படைப்பில் நான் மிகவும் ரசிக்கும் நுட்பம் இதுதான். உறிஞ்சி எடுத்த தூசால் ஒரு கல்லைக்கூடத் தனியாக உருவாக்க முடியவில்லை. கல் என்ற வடிவத்தைக் கொடுப்பதற்கே மண்ணைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. நூறு நாள் இயந்திரம் ஓடியும், கோடிக்கணக்கான மக்கள் மூச்சுவிடும் நகரத்திலிருந்து கைப்பிடியளவு தூசுதான் வெளியே வந்தது. ஆனால் அதே கைப்பிடி இன்னொரு செய்தியையும் சொல்கிறது. மனிதர் ஒருவர் நாள்தோறும் 10,000 லிட்டருக்கும் மேல் காற்றை உள்ளே இழுக்கிறார். இயந்திரத்தின் பையைக் கழற்றி உதறலாம். நுரையீரலுக்கு அந்த வசதி இல்லை. துடைக்க முயன்றால் துளி அளவு, சுவாசித்தால் தாங்க முடியாத அளவு. ஒரே தூசு இந்த இரண்டுமாக இருப்பதை இத்தனை சுருக்கமாகக் காட்டிய வேறொரு படைப்பை நான் அறியேன்.

ஏன் செங்கல்? கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கலாம். சிலை செய்திருக்கலாம். செங்கல்லைத் தேர்ந்ததில்தான் கலைஞனின் பார்வை தெரிகிறது. அந்த ஆண்டுகளில் பெய்ஜிங் எங்கு பார்த்தாலும் கட்டுமானத் தளமாக இருந்தது. நகரத்தின் மாசுக்கு நிலக்கரி, வாகனம், தொழிற்சாலை ஆகியவற்றோடு கட்டுமானத் தூசும் ஒரு காரணம். கட்டடத்துக்கு வேண்டிய சிமென்டும் இரும்பும் செங்கல்லும் புகை கக்காமல் உருவாவதில்லை. வளர்ச்சியை எண்ணிக் காட்ட வேண்டுமானால் செங்கல்லைவிடப் பொருத்தமான அலகு கிடையாது. புகைக்குக் காரணமான பொருளின் உருவத்திலேயே புகையை அடைத்துவிட்டார். அதிலும் ஒரு சுற்று மிச்சமிருக்கிறது. பச்சைக் கல் செங்கல்லாக வேண்டுமானால் சூளையில் வேக வேண்டும். சூளைக்கு நெருப்பு வேண்டும். காற்றிலிருந்து பிடித்த தூசுக்கு உருவம் கொடுக்க மறுபடியும் எதையோ எரித்தாக வேண்டியிருக்கிறது. எந்தச் சுத்திகரிப்புக் கருவிக்கும் இது பொருந்தும். அதைச் செய்யவும் ஓட்டவும் வேண்டிய மின்சாரம் எங்கோ ஓர் அனல்மின் நிலையத்திலிருந்து வந்தால், இங்கே உறிஞ்சிய புகைக்கு அங்கே ஈடு கட்டப்படுகிறது.

அந்தச் சூளை இருந்த ஊர் டாங்ஷான். பெய்ஜிங்குக்குக் கிழக்கே, ஹெபெய் மாகாணத்தில் இருக்கும் உருக்கு நகரம். ஒலிம்பிக் போட்டிக்கான ஏற்பாடுகள் தொடங்கிய காலத்தில், பெய்ஜிங்கின் மிகப் பெரிய உருக்காலையான ஷோகாங்கை நகரத்திலிருந்து அகற்ற முடிவெடுத்தார்கள். 2010 இறுதிக்குள் தலைநகரில் அதன் உலைகள் அணைந்தன. புதிய ஆலை எழுந்தது டாங்ஷானின் கடற்கரைப் பகுதியில். பெய்ஜிங் தன் புகையை அனுப்பிவைத்த ஊருக்கே பெய்ஜிங்கின் தூசும் கல்லாவதற்குப் போய்ச் சேர்ந்தது. என்ன காரணத்தால் அந்தச் சூளைக்குப் போனாலும், ஊரின் கதை படைப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஓர் இடத்தில் காற்று தெளிவதற்கு இன்னோர் இடம் விலை கொடுக்கும் வழக்கத்தையும் அந்தக் கல் சேர்த்தே சுமக்கிறது.

சுட்ட கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. பெய்ஜிங்கில் எழும் ஏதோ ஒரு கட்டடத்தில், மற்றக் கற்களோடு கல்லாக அது சேர்ந்துவிட வேண்டும் என்பதே அவர் அறிவித்த விருப்பம். பார்வைக்கு அது சாதாரணச் செங்கல். பத்தாயிரம் கற்களுக்கு நடுவே கொத்தனார் அதை எடுத்துக் கலவையில் பதித்துவிட்டால், பிறகு படைத்தவராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கலைஞனும் தன் படைப்பு நிற்க வேண்டும் என்றுதான் விரும்புவான். கரைந்துபோக வேண்டும் என்று விரும்புவதற்குத் துணிவு வேண்டும். நகரம் தன் தூசையே சுவராக எழுப்பி, அதற்குள் குடியிருக்கிறது என்ற உண்மையை அந்த மறைவு நிரந்தரமாக்கிவிடுகிறது.

காலமும் அவருக்குத் துணை நின்றது. கல் தயாரான அதே நாள்களில் பெய்ஜிங்கை அந்த ஆண்டின் மிக மோசமான புகைமூட்டங்களில் ஒன்று சூழ்ந்தது. பாரிஸில் காலநிலை மாநாடு நவம்பர் 30ஆம் தேதி தொடங்கியது. ஒரு வாரத்தில், டிசம்பர் 7ஆம் தேதி, பெய்ஜிங் தன் வரலாற்றில் முதல் முறையாகக் காற்று மாசுக்கான சிவப்பு எச்சரிக்கையை அறிவித்தது. நூறு நாள் உறிஞ்சிய பிறகும் வானம் அப்படி இருந்தது. படைப்புக்கு இதைவிடப் பொருத்தமான முடிவுரையை யாராலும் எழுதியிருக்க முடியாது.

இந்தக் கல்லின் நயம் முழுமையாகத் தெரிய வேண்டுமானால், அதன் பக்கத்தில் ஒரு மோதிரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். டான் ரோசகார்டே நெதர்லாந்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர். பெய்ஜிங் புகைமூட்டத்தைக் கண்டு மனம் நொந்து, காற்றைச் சுத்தம் செய்யும் கோபுரம் ஒன்றை உருவாக்கினார். 7 மீட்டர் உயரம். 2015 செப்டம்பரில், நட் பிரதர் தெருவில் உழைத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், ராட்டர்டாம் நகரில் அது திறக்கப்பட்டது. மறு ஆண்டு பெய்ஜிங்குக்கே வந்தது. மணிக்கு 30,000 கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும், 1,170 வாட் மின்சாரம் போதும் என்று அவரது குழு அறிவித்தது. கோபுரத்தில் படியும் கரிய தூளை அழுத்திச் சிறு கனசதுரமாக்கி, ஒளி ஊடுருவும் பிசினுக்குள் பதித்து மோதிரமாக விற்றார்கள். ஒரு மோதிரம் 1,000 கன மீட்டர் காற்றுக்கு ஈடு என்பது கணக்கு.

ரோசகார்டேயின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்த மோதிரமும் அழகானது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 100 மீட்டர் உயரம் வரை உள்ள காற்று 10 கோடி கன மீட்டர். காற்று அசையாமல் நின்று ஒத்துழைத்தாலும், அதை ஒரு முறை வடிகட்டக் கோபுரத்துக்கு 3,300 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏறக்குறைய 139 நாள். பெய்ஜிங் மாநகராட்சி எல்லையின் பரப்போ 16,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மோதிரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கன மீட்டரில் 100 மைக்ரோகிராம் நுண்தூசு இருக்கும் மாசுபட்ட நாளில், 1,000 கன மீட்டரிலிருந்து கிடைப்பது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு.

இரண்டு இயந்திரங்களின் மின்திறனும் ஏறக்குறைய ஒன்றுதான்: 1,000 வாட், 1,170 வாட். இரண்டும் உறிஞ்சியது தூசைத்தான். ஒன்றின் விளைவு விரலில் அணியும் நகை; இன்னொன்றின் விளைவு சுவரில் மறையும் கல். மோதிரம் தன்னை அணிந்தவரிடம் ‘நீ நல்லது செய்துவிட்டாய்’ என்று சொல்கிறது. செங்கல் யாருக்கும் அந்த ஆறுதலைத் தருவதில்லை. கெட்ட காற்று அழகான பொருளாக மாறும்போது நம் மனம் சற்றே சமாதானமாகிவிடுகிறது. அந்தச் சமாதானம்தான் ஆபத்தானது. நட் பிரதர் தூசை அழகுபடுத்த மறுத்ததில் அவருடைய அறம் இருக்கிறது.

அவர் தனி ஆளும் இல்லை. பெய்ஜிங்கில் வாழ்ந்த மேட் ஹோப் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 2013 வாக்கில் ஒரு சைக்கிளைச் செய்தார். மிதிக்க மிதிக்கச் சக்கரம் மின்சாரம் தரும். அது ஒரு வடிகட்டியை இயக்கும். வடிகட்டிய காற்று குழாய் வழியாக ஓட்டுபவரின் முகமூடிக்கு வரும். போர் விமானியைப் போன்ற கோலத்தில் ஒருவர் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் கவனித்தால், சுத்தமான காற்று வேண்டுமானால் நிறுத்தாமல் மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்க மூச்சு கூடுதலாக வாங்கும். அதற்கு இன்னும் காற்று வேண்டும். தனி மனிதனை மட்டும் காப்பாற்ற முனையும் தொழில்நுட்பம் அவனை எப்படிக் கட்டிப்போடும் என்பதை அந்த இரண்டு மிதிகட்டைகள் காட்டிவிடுகின்றன.

லியாங் கெகாங் என்ற பெய்ஜிங் கலைஞர் வேறு வழியில் போனார். 2014இல் பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கண்ணாடி ஜாடியில் அங்குள்ள காற்றை அடைத்துக்கொண்டு வந்தார். ரப்பர் வளையம் போட்டு மூடும் சாதாரண ஜாடி. அதன் மேல் கையால் எழுதிய சிறு சீட்டுகள். காற்று எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை உட்பட. கலைஞர்களும் சேகரிப்பாளர்களும் கூடிய ஏலத்தில் 10 யுவானில் தொடங்கிய விலை 5,250 யுவான் வரை ஏறியது. அந்தச் சீட்டுகளை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பிறப்பிடச் சான்று கொடுத்ததும் அது சரக்காகிவிட்டது. மறு ஆண்டே கனடாவில் ஒரு நிறுவனம் மலைக்காற்றை டப்பியில் அடைத்துச் சீனாவுக்கு உண்மையாகவே விற்கத் தொடங்கியது.

இந்தக் கதை நம் தலைநகருக்கும் வந்தது. 2018 நவம்பரில் டெல்லி சர் கங்காராம் மருத்துவமனையில் பெரிய வெள்ளை நுரையீரல் உருவம் ஒன்றை வைத்தார்கள். காற்று சுத்திகரிப்பான்களில் பயன்படும் ஹெபா வடிகட்டித் துணியால் ஆனது. பின்னால் விசிறிகள் காற்றை இழுத்தன. சில நாள்களில் அது கறுத்துப்போனது. இதில் அங்கதம் குறைவு, சாட்சியம் அதிகம். ஆனால் அந்தத் துணியைத் தேர்ந்த நுட்பத்தைப் பாராட்டத்தான் வேண்டும். படுக்கையறைக் கருவிக்குள் கண்ணில் படாமல் கறுத்து, மாற்றப்பட்டு, மறக்கப்படும் அதே வடிகட்டியை வெளியே எடுத்து, உறுப்பின் வடிவில் மாட்டி, எல்லோர் முன்னிலையிலும் கறுக்க விட்டார்கள். தீர்வாக விற்கப்படும் பொருளே நோயின் ஆதாரமாகிவிட்டது.

இதையெல்லாம் பார்த்தும் டெல்லி கோபுரத்தைத்தான் தேர்ந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2021 ஆகஸ்டில் கன்னாட் பிளேஸில் 24 மீட்டர் உயரக் கோபுரம் திறக்கப்பட்டது. 40 விசிறிகள், சுமார் 5,000 வடிகட்டிகள், 20 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. இடையில் மாதக்கணக்கில் நின்றுபோய், 2023இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகே மறுபடி இயங்கியது. புகைகோபுரம் நடைமுறைக்கு ஒத்துவரும் தீர்வு இல்லை என்ற கருத்தை மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பே பின்னர் முன்வைத்தது.

பெய்ஜிங்கின் காற்று பிறகு தெளிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013இல் ஒரு கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராமாக இருந்த பி.எம். 2.5 நுண்தூசின் ஆண்டுச் சராசரி, 2017இல் 58 ஆகவும், 2021இல் 33 ஆகவும் இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு 5 என்பதால் போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. இருந்தும் இது பெரிய சாதனை. எந்தக் கோபுரமும் இதைச் செய்யவில்லை. நிலக்கரிக் கொதிகலன்களை எரிவாயுவுக்கு மாற்றினார்கள். மாசு கக்கும் ஆலைகளை மூடினார்கள். பழைய வாகனங்களைச் சாலையிலிருந்து அகற்றினார்கள். 2017 மார்ச்சில் நகரத்தின் கடைசிப் பெரிய நிலக்கரி மின்நிலையத்தை நிறுத்தினார்கள். புகை கிளம்பும் வாயில் கை வைத்த பிறகுதான் எண்கள் இறங்கின. நட் பிரதரின் 400 மணி நேரம் எதிர்மறையாக நிரூபித்ததை அந்த ஆண்டுகள் நேராக நிரூபித்தன.

மருத்துவமனை வார்டில் சுத்திகரிப்பான் வேண்டும். ஆஸ்துமா உள்ள குழந்தையின் அறையிலும் வேண்டும். அவற்றை எந்தக் கலைஞனும் பழிக்கவில்லை. அந்தச் சிறு காப்பை ஒரு நகரத்தின் கொள்கையாக உயர்த்தி, அதைத் திறப்பு விழாவோடு கொண்டாடி, புகைபோக்கிகளை அப்படியே விட்டுவிடுவதைத்தான் இந்தப் படைப்புகள் எதிர்க்கின்றன. கருவி ஒன்று நம் முன் வைக்கப்படும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்பதை நட் பிரதர் செய்தே காட்டிவிட்டார்: எவ்வளவு காற்றை, எத்தனை நாளில் சுத்தம் செய்யும்? அதற்கு எதை எரிக்கிறோம்? பிடித்த தூசு எங்கே போகிறது? புகை வருவது நின்றுவிட்டதா? இந்த நான்கையும் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை, கூச்சப்படாமல் கணக்குக் கேட்கும் பழக்கம் போதும். கண்ணில் படாத காற்றைப் பற்றி அந்தப் பழக்கத்தைச் சாதாரண மக்களிடம் உண்டாக்க முடிந்த கலைக்கு நாம் தரக்கூடிய உண்மையான பாராட்டு, கோபுரங்களுக்கு ஒதுக்கும் பணத்தைப் புகைபோக்கிகளை மூடச் செலவிடுமாறு நம் நகரங்களைக் கேட்பதுதான்.